லிஸ்பனில் யார் வீட்டில் தங்குவது?

ஐரோப்பாவுக்குத் தனியாகக் கிளம்புகிறவர்கள் இப்போது ஹோட்டலை விட்டுவிட்டு வீடு தேடுகிறார்கள். வீடு சுலபமாகக் கிடைக்கிறது. வீட்டுக்காரர் கிடைப்பதுதான் கஷ்டம்.

லிஸ்பனின் மிகப் பழைய பேட்டை அல்ஃபாமா. 1755 நவம்பர் 1-ஆம் தேதி நிலநடுக்கமும் கடல் பேரலையும் தீயும் சேர்ந்து நகரத்தைத் தின்று தீர்த்தபோது, பாறைமேல் உட்கார்ந்திருந்த இந்தப் பகுதி பெரும்பாலும் தப்பித்தது. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டிய சந்துகள். படிக்கட்டுகளே தெருவாகிப்போன இடங்கள். தலைக்கு மேலே கொடியில் காயும் துணிகள். இன்று இந்தச் சந்துகளில் காலையில் அதிகம் கேட்பது, கல் பாவிய தரையில் சக்கரப் பெட்டிகள் கடகடவென்று உருளும் சத்தம். கதவோரச் சுவர்களில் எண் பூட்டுப் போட்ட குட்டிச் சாவிப் பெட்டிகள். கைபேசியில் வந்த எண்ணைத் திருப்பிச் சாவியை எடுத்துக்கொண்டு பயணி உள்ளே போகிறார். ‘உள்ளூர்வாசியைப் போல வாழுங்கள்’ என்பதுதான் அவர் படித்த விளம்பரம். மாடிப்படியில் ஒரு உள்ளூர்வாசியைக்கூடப் பார்க்காமலே அவர் ஊர் திரும்பிவிடலாம்.

பார்சிலோனா, பிராக், ஏதென்ஸ் என்று பல நகரங்களில் இதே கதைதான். லிஸ்பனில் அது வேகமாக நடந்தது. 2011-ல் போர்ச்சுகல் கடனில் மூழ்கி, 7,800 கோடி யூரோ சர்வதேச உதவி வாங்கியது. அடுத்த ஆண்டே பழைய குடித்தனக்காரர்களுக்குக் காப்பாக இருந்த வாடகைச் சட்டம் தளர்ந்தது. வீடு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் குடியிருப்பு அனுமதி தரும் ‘கோல்டன் விசா’ வந்தது. 2014-ல் குறுகிய கால வாடகைக்குத் தனிச் சட்டம் போட்டு, பதிவு செய்வதைச் சுலபமாக்கினார்கள். லிஸ்பன் நகரில் மட்டும் இப்படிப் பதிவான தங்குமிடங்கள் ஒரு கட்டத்தில் 20,000-ஐ நெருங்கின. அல்ஃபாமாவும் மொராரியாவும் அடங்கிய சான்டா மரியா மயோர் வட்டத்தில், 2021 கணக்கெடுப்பின்படி குடியிருப்பவர்கள் ஏறத்தாழ 10,000 பேர்தான். 2018 இறுதியில் இந்தப் பழைய பேட்டைகளில் புதிய பதிவுகளை நகராட்சி நிறுத்திவைத்தது. அதற்குள் பாதி ஊர் கைமாறியிருந்தது.

அப்படியானால் உள்ளூர்க்காரர் வீட்டில் தங்க நினைக்கும் தனிப் பயணிக்கு என்ன வழி? வழி இருக்கிறது. வாடகை வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளத்துக்கு ஏறத்தாழ அறுபது வருடம் மூத்த வழி அது.

காசு வாங்காத விருந்து

இரண்டாம் உலகப் போர் முடிந்து நான்கு ஆண்டுகள். ஐரோப்பா இன்னும் இடிபாடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த பாப் லுய்ட்வைலர் என்ற அமெரிக்கரும் அவருடைய நண்பர்களும் 1949-ல் டென்மார்க்கில் ஒரு வலையமைப்பைத் தொடங்கினார்கள். ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டுக்காரர் வீட்டில் தங்கிச் சாப்பிட்டுப் பேசினால், அவர்மேல் குண்டு போட மனம் வராது என்பது அவர்கள் கணக்கு. அதுதான் இன்றைய ‘சர்வாஸ்’. உறுப்பினராக ஒரு நேர்காணல் உண்டு. வழக்கமாக இரண்டு இரவுகள் தங்கலாம். தங்குவதற்குப் பணம் கிடையாது. இந்தியாவிலும் இதற்குக் கிளை இருக்கிறது.

எஸ்பெராண்டோ பேசுபவர்கள் 1974 முதல் ‘பஸ்போர்டா செர்வோ’ என்ற முகவரிப் பட்டியலை வெளியிட்டு ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிவருகிறார்கள். சைக்கிளில் நாடு சுற்றுபவர்களுக்கு 1993-லிருந்து ‘வார்ம் ஷவர்ஸ்’. பெயருக்கு ஏற்றபடி, மிதித்துக் களைத்து வருகிறவருக்கு ஒரு வெந்நீர்க் குளியலும் படுக்க ஓர் இடமும்.

இந்த வழக்கத்தை இளைஞர்கள் மத்தியில் பரப்பியது ‘கௌச்சர்ஃபிங்’. கேசி ஃபென்டன் என்ற அமெரிக்கக் கணினி நிரலர், பாஸ்டனிலிருந்து ஐஸ்லாந்துக்கு மலிவாக ஒரு விமான டிக்கெட் கிடைத்ததும் வாங்கிவிட்டார். தங்க இடம் இல்லை. ஐஸ்லாந்துப் பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் 1,500 பேருக்கு, ‘உங்கள் வீட்டு சோபாவில் படுத்துக்கொள்ளலாமா?’ என்று மின்னஞ்சல் தட்டிவிட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ‘வா’ என்றார்கள். அந்தப் பயணத்தில் பிறந்த யோசனை 2004-ல் இணையதளமாக வளர்ந்தது. 2011-ல் அது லாப நோக்குள்ள நிறுவனமாக மாறியது; 2020 மே மாதம், கொரோனாவின் நடுவில், பல நாட்டு உறுப்பினர்களுக்குக் கட்டணத்தைக் கட்டாயமாக்கியது. மனம் வெறுத்த பலர், தன்னார்வலர்களே நடத்தும் கட்டணமில்லாத ‘பீவெல்கம்’ பக்கம் போனார்கள்.

முழுக்க அறிமுகமில்லாதவர் வீட்டில் இலவசமாகத் தங்கத் தயக்கமா? நடுவில் ஒரு வழியும் உண்டு. போர்ச்சுகல் சட்டத்தில், சொந்தக்காரர் தாம் குடியிருக்கும் வீட்டிலேயே அதிகபட்சம் 3 அறைகளை வாடகைக்கு விடுவதற்குத் தனி வகை இருக்கிறது. ஒரு விளம்பரத்தில் ‘முழு வீடு’ என்று இல்லாமல் ‘அறை’ என்று இருந்து, சமையலறை பொது என்றும் போட்டிருந்தால், அந்த வீட்டில் யாரோ வாழ்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே காசு கொடுக்கிறோம். ஆனாலும் காலையில் ‘போம் தியா’ என்று சொல்ல எதிரில் ஓர் ஆள் இருப்பார்.

ஆற்றைத் தாண்டினால் லிஸ்பன்காரர்

இப்படி வீட்டுக்காரரைத் தேடிப் போகிறவருக்கு முதல் ஆச்சரியம் முகவரியில் காத்திருக்கும். வழிகாட்டிப் புத்தகங்களின் அட்டையில் வரும் லிஸ்பனில் பெரும்பாலும் அந்த வீடு இருக்காது.

1981-ல் லிஸ்பன் நகர எல்லைக்குள் சுமார் 8 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2021-ல் அது சுமார் 5.45 லட்சம். போனவர்கள் எங்கே போனார்கள்? அமதோரா, ஒதிவேலாஷ் என்ற புறநகர்களுக்கும், தேஜோ ஆற்றின் தென்கரையில் இருக்கும் அல்மாடா, செய்ஷால் ஊர்களுக்கும். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-ல் 870 யூரோ. லிஸ்பன் நடுவில் ஒரு படுக்கையறை வீட்டின் வாடகை ஆயிரம் யூரோவைத் தாண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓட்டல் பணியாளரும், நர்ஸும், பள்ளி ஆசிரியரும் ஏன் அக்கரையில் இருக்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

ஆகவே பயணியின் நாள் ஒரு படகில் தொடங்கலாம். அல்மாடாவின் கசீலியாஷ் துறையிலிருந்து லிஸ்பனின் கைஷ் து சொத்ரே துறைக்குப் படகில் பத்து நிமிடம். சுற்றுலாப் படகுக்குப் பெருந்தொகை கேட்கும் அதே ஆற்றில், வேலைக்குப் போகிறவர்களோடு நின்றபடி, பேருந்துச் சீட்டு விலையில் லிஸ்பன் முழுவதையும் முன்னால் விரித்து வைத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் 1966-ல் திறந்த செந்நிறத் தொங்குபாலம். பின்னால் 1959-ல் எழுப்பிய பிரம்மாண்ட கிறிஸ்து சிலை. படகில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பாதிப் பேர் தூக்கம். மீதிப் பேர் கைபேசி. இவர்கள் கையில் இருப்பது ‘நவகாந்த்’ என்ற மாதாந்திர அட்டை. 2019 ஏப்ரலில் அதன் விலையை லிஸ்பன் நகருக்குள் 30 யூரோ, பெருநகரப் பகுதி முழுவதற்கும் 40 யூரோ என்று ஒரே சீராக்கினார்கள். அதுவரை தொலைவில் வாழ்ந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கரை வீட்டில் தங்குகிறவருக்கு இந்தச் செய்தி இரவுச் சாப்பாட்டுப் பேச்சிலேயே கிடைத்துவிடும்.

வீட்டுக்குள் தெரியும் ஊர்

வெயில் நகரம் என்று பெயர் எடுத்த லிஸ்பனில், ஜனவரி மாத இரவு வீட்டுக்குள் நடுக்கும். பழைய கட்டடங்களில் மத்திய வெப்பமூட்டும் வசதி அரிது. சுவர்கள் குளிரை அப்படியே உள்ளே விடும். வீட்டை வேண்டிய அளவு கதகதப்பாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்று சொன்னவர்கள் 2023-ல் போர்ச்சுகலில் ஐந்தில் ஒருவர். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக மோசமான நிலைகளில் இது ஒன்று. ஹோட்டலில் தங்குகிறவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. வீட்டில் தங்குகிறவருக்குப் படுக்கும் முன் கையில் ஒரு வெந்நீர்ப் பையும் கூடுதல் கம்பளியும் வந்து சேரும்போது தெரியும். குளியலறையில் வெந்நீர் கொடுக்கும் எரிவாயு ஹீட்டருக்குக் கணக்கு உண்டு. நம்மூர் வழக்கத்தில் அரை மணி நேரம் குளித்துக்கொண்டிருப்பது விருந்தாளிக்கு அழகல்ல.

சமையலறைத் தொட்டியில் பெரிய வெள்ளைத் துண்டு ஒன்று தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கலாம். அது பகல்யாவ்: நம்மூர் கருவாடு போல உப்பிட்டுக் காயவைத்த காட் மீன். ஒரு நாள், இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கிய பிறகுதான் அடுப்பில் ஏறும். போர்ச்சுகலின் தேசிய உணவு என்று கொண்டாடப்படும் இந்த மீன் போர்ச்சுகல் கரையில் கிடைப்பதே இல்லை. நார்வே, ஐஸ்லாந்து கடல்களிலிருந்து வருகிறது. சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட ‘கால்து வேர்து’ சூப்பில் பெரும்பாலும் ஒரு வில்லை பன்றி இறைச்சி மிதக்கும். பள்ளி, மருத்துவமனை, சிறை போன்ற அரசு உணவகங்களில் முழுச் சைவ உணவு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2017-லேயே சட்டம் போட்ட நாடு இது என்பது கூடுதல் செய்தி.

வீட்டுக்காரர் சொல்லித் தரும் சின்னச் சின்ன விஷயங்களில்தான் பணமும் மானமும் மிஞ்சும். உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் எல்லாம் மேசைக்கு வரும். இலவசம் என்று கைவைத்தால் பில்லில் ஏறும். தொடாமல் விட்டால் காசு தர வேண்டியதில்லை. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. ‘பீக்கா’ எனப்படும் சிறு கோப்பைக் காபியை மேசையில் உட்கார்ந்து குடிப்பதைவிடக் கல்லா ஓரம் நின்று குடித்தால் மலிவு. பழைய மஞ்சள் டிராம் 28-இல் ஏற நண்பகலில் மார்த்திம் மொனிஸ் சதுக்கத்தில் வரிசையில் நிற்பது வீண். பிக்பாக்கெட்காரர்களுக்கும் அதுதான் பிடித்த நேரம். காலை ஏழு மணிக்குப் போனால் உட்காரவே இடம் கிடைக்கும். செவ்வாயும் சனியும் காம்போ தெ சான்டா கிளாராவில் கூடும் பழைய பொருள் சந்தைக்கு நேரத்தோடு போக வேண்டும். மழை பெய்தால் நடைபாதையின் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள் சோப்பு போட்டது போல வழுக்கும். எனவே நல்ல பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

குன்றேற்றும் கம்பி இழுவை வண்டிகளைப் பற்றிக் கேட்டால் பேச்சு கொஞ்சம் தணியும். 1885-ல் ஓடத் தொடங்கிய குளோரியா வண்டி, 2025 செப்டம்பர் 3 அன்று தடம் புரண்டு 16 பேர் இறந்தார்கள். பயணிகளுக்கு அது வேடிக்கை வண்டி. மேட்டில் குடியிருந்தவர்களுக்கு அது தினசரி மூச்சு வாங்காமல் வீடு போய்ச் சேரும் வழி.

ஜூன் மாதம் வருகிறவர் அதிர்ஷ்டசாலி. 12-ஆம் தேதி இரவு புனித அந்தோணியார் திருவிழா. அல்ஃபாமாவிலும் மொராரியாவிலும் வாசலுக்கு வாசல் கரி அடுப்பு வைத்து மத்தி மீன் சுடுவார்கள். சந்து முழுக்கப் புகை. அக்கரைக்குக் குடிபோனவர்களும் அன்றைக்குப் பழைய வாசலுக்குத் திரும்பி வருவார்கள். அன்று கைக்குக் கை மாறுவது ‘மஞ்செரிக்கு’ என்ற குட்டித் தொட்டிச்செடி. துளசிக் குடும்பம்தான், பந்து போல உருண்டையாக வளர்ந்திருக்கும். அதில் காகிதப் பூவும் ஒரு நான்கு வரிப் பாட்டெழுதிய கொடியும் செருகியிருப்பார்கள். அதை மூக்கருகே கொண்டுபோய் முகரக் கூடாது. செடி வாடிவிடும் என்பது நம்பிக்கை. உள்ளங்கையால் லேசாக ஒரு தட்டு; பிறகு கையை முகர வேண்டும். இதை எந்தச் சாவிப் பெட்டியும் சொல்லித் தராது.

யார் உள்ளூர்க்காரர்?

அறுபது, எழுபது வயதுக்காரர் வீட்டில் தங்க நேர்ந்தால் 1974 ஏப்ரல் 25 பற்றிக் கேளுங்கள். 48 ஆண்டு சர்வாதிகாரத்தை இளம் ராணுவ அதிகாரிகள் ஒரே நாளில் கவிழ்த்த தேதி அது. அன்று உணவக ஊழியர் செலஸ்தே காயெய்ரோவை, கடை திறக்கவில்லை என்று சொல்லி, விழாவுக்காக வாங்கி வைத்திருந்த கார்னேஷன் பூக்களோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழியில் ஒரு படைவீரர் சிகரெட் கேட்டார். செலஸ்தேயிடம் இல்லை, பூவைக் கொடுத்தார். வீரர் அதைத் துப்பாக்கி முனையில் செருகிக்கொண்டார். அந்தப் புரட்சிக்குப் பெயர் வைத்தது அந்தப் பூதான். செலஸ்தே 2024 நவம்பரில் காலமானார். அந்த நாளை நேரில் கண்டவர்கள் இன்னும் சமையலறை மேசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்க ஆள் இருந்தால் பேசுவார்கள்.

வீட்டுக்காரர் ‘அசல்’ போர்ச்சுகீசியராகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். ஆப்பிரிக்கக் காலனிகள் விடுதலை அடைந்த பிறகு அங்கிருந்து வந்தவர்கள் ஏராளம். அமதோராவில் கேப் வெர்டி குடும்பங்கள் தாமே கட்டி எழுப்பிய கோவா தா மௌரா பேட்டையில், மக்காச்சோளமும் பயறும் சேர்த்து மணிக்கணக்கில் வேகும் ‘கச்சூப்பா’தான் வீட்டுச் சாப்பாடு. மொசாம்பிக்கிலிருந்து வந்த குஜராத்திகள் லுமியார் பகுதியில் ராதாகிருஷ்ணன் கோயில் கட்டியிருக்கிறார்கள். மொராரியாவின் பென்ஃபொர்மோசோ தெருவில் வங்கதேச மளிகைக் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. மஞ்சள்தூளும் புளியும் அங்கே கிடைக்கும். 2024 டிசம்பரில் அதே தெருவில் போலீஸார் சோதனை என்று ஆட்களைச் சுவரோரம் கையை உயர்த்தி நிறுத்திய படம் நாட்டையே இரண்டாகப் பிரித்து விவாதிக்க வைத்தது. அருகிலேயே உள்ள பெக்கோ தாஷ் ஃபரீன்யாஷ் சந்தின் சுவர்களில், அந்தப் பேட்டையின் முதியவர்களின் உருவப் படங்களை கமிலா வாட்சன் என்ற புகைப்படக் கலைஞர் பதித்திருக்கிறார். யாருடைய தெரு இது என்ற கேள்விக்கு அந்தச் சுவரும் ஒரு பதில்.

நமக்கும் இந்த ஊரோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறியது தமிழ். அது அச்சேறிய ஊர் லிஸ்பன். 1554 பிப்ரவரியில் அங்கே வெளியான ‘கார்டிலா’ என்ற கிறிஸ்தவ மறை நூல், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டது. அதைத் தயாரித்தவர்கள் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா தா குரூஸ் என்ற மூன்று இந்தியர்கள். பெயர்கள் போர்ச்சுகீசியம், ஆட்கள் நம்மவர்கள். கடல் கடந்து வந்து அந்நிய ஊரில் தங்கி வேலை பார்த்தவர்கள். பெலெமில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அந்நூலின் பிரதி இருக்கிறது.

நம்பிக்கைக்கும் கணக்கு வேண்டும்

தனியாகப் போகிறவர், அதிலும் பெண், முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்குவது ஆபத்தில்லையா? ஆபத்து உண்டு. இத்தாலியின் படுவா நகரில் இப்படி வந்து தங்கிய ஆஸ்திரேலியச் சிறுமியிடம் பாலியல் வன்முறை செய்த போலீஸ்காரருக்கு 2015-ல் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. வீட்டுக்காரரின் உத்தியோகம் மட்டும் பாதுகாப்பு ஆகாது.

அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் விதிகள் எளியவை. நீண்ட காலமாக உறுப்பினராக இருப்பவரையே தேர்ந்தெடுப்பது. தனியாகத் தங்கிய பெண்கள் எழுதிய மதிப்புரைகளைத் தேடிப் படிப்பது. குடும்பமாக வாழ்பவர்களுக்கோ பெண்களுக்கோ முன்னுரிமை. முதல் சந்திப்பு பகலில், பொது இடத்தில், ஒரு காபிக் கடையில். முகவரியை வீட்டிலுள்ளவர்களுக்கு அனுப்பிவைப்பது. மனம் ஒப்பவில்லை என்றால் அன்றிரவே கிளம்ப ஒரு ஹாஸ்டல் கட்டணம் தனியாகக் கையில். ஐரோப்பா முழுதும் அவசர உதவிக்கு 112.

விசாவிலும் கவனம் தேவை. ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயணக் காப்பீடு வேண்டும். தங்கும் இடத்துக்குச் சான்று வேண்டும். ஹோட்டலுக்குப் பதில் வீடு என்றால், அங்கே சட்டப்படி வாழ்பவர் கையெழுத்திட்ட பொறுப்பேற்புக் கடிதம் கேட்கப்படலாம். நேற்று அறிமுகமானவர் அதில் கையெழுத்திட யோசிப்பார். முதல் கடிதத்திலேயே இதைப் பேசிவிடுவது நல்லது. பணம் கொடுத்துத் தங்குவதானால் லிஸ்பன் நகராட்சிக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ சுற்றுலா வரி உண்டு.

பெட்டியில் என்ன எடுத்துப் போகலாம்? சாம்பார் பொடி, ரசப் பொடி, காபித் தூள் போகலாம். நெய்யும் பால்கோவாவும் கூடாது. இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் விமான நிலையத்திலேயே நின்றுவிடும். ஒரு நாள் சமையலறையைக் கேட்டு வாங்கி, சாதமும் ரசமும் வைத்துக் கொடுத்தால், இலவசமாகத் தங்கிய கூச்சம் பாதி குறையும். மீதிப் பாதி குறைய வேறொன்று செய்ய வேண்டும்.

இந்த வலையமைப்புகள் எல்லாம் கொடுத்து வாங்கும் ஏற்பாடுகள். லிஸ்பனில் ஒரு குடும்பத்தின் சோபாவில் தூங்கி எழுந்தவர், திரும்பி வந்து சென்னையிலோ மதுரையிலோ தன் வீட்டின் ஓர் அறையைப் பட்டியலில் போட்டால்தான் கணக்கு நேராகும். அறை வேண்டாம் என்றால், வந்தவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட்டு, ஊரைச் சுற்றிக் காட்டினாலும் போதும். அதற்கும் இந்தத் தளங்களில் தனி வசதி இருக்கிறது. தங்க வைப்பதானால் ஒன்றை மறக்க வேண்டாம்: வெளிநாட்டு விருந்தாளி வந்த 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் வீட்டுக்காரர் அவருடைய விவரங்களைப் பதிய வேண்டும்.